படத்துடன் ஒரு மறுப்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் வாரப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் ஓர் ஓட்டை விழும். தவறுதலாக என்றைக்கோ நடந்ததல்ல, வாராவாரம் நடந்தது. விளம்பரம் தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன ஜவுளிக்கடைக்காரர் கடைசி நேரத்தில் ஊரில் இருக்கமாட்டார். காங்கேயம் மாட்டுச் சந்தையைப் பற்றி எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன் என்ற புண்ணியவானின் காகிதம், பஸ் வந்த பிறகும் வந்து சேராது. அச்சுக்கோப்பவர் என்னைப் பார்த்துக் கையை விரித்து ஒரு சாண் காட்டுவார். அவ்வளவு இடம் காலி, எதையாவது எழுதிக் கொடு என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்து என் சிநேகிதன் சைக்கிளில் வந்து இறங்குவான். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அச்சுக்கோப்பவரிடமே நேராகக் கொடுப்பான். அவர் அடுக்கிப் பார்த்தால் சரியாக ஒரு சாண் இருக்கும். இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. இரண்டு வருஷம் என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதே ஓட்டையை அடைத்தவன் அவன். பிறகு ஊருக்குக் கிழக்கே இருந்த ஒரு நூல் மில்லில் நல்ல சம்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே அவனுக்குப் பப்ளிசிட்டி ஆபீசர் என்று பெயர். அப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

மலையிலிருந்து மின்சாரம் இறங்கி வந்த காலம் அது. கோயம்புத்தூரைச் சுற்றி முந்தின வருஷம் சோளக்காடாக இருந்த இடமெல்லாம் புகைபோக்கியும் சுற்றுச்சுவருமாக எழும்பிக்கொண்டிருந்தன. பருத்தி விதைத்தவர்களே பஞ்சு வியாபாரிகளாகி, பஞ்சு வியாபாரிகளே மில் முதலாளிகளானார்கள். பணம் வந்தவுடன் பெயரும் வேண்டும் அல்லவா? அதற்குத்தான் என் சிநேகிதன். முதலாளி வீட்டுக் கல்யாணம், மில்லில் ஆயுத பூஜை, கலெக்டர் வந்து காபி சாப்பிட்டது, தொழிலாளிகளுக்குப் பொங்கலுக்கு வேட்டி கொடுத்தது எல்லாம் அவன் கையால் எங்கள் பத்திரிகையில் வந்தன. எங்கள் நடையிலேயே எழுதுவான். 'அறிகிறோம்' என்றும் 'நமது நிருபர்' என்றும் நாங்கள் போடுகிற இடத்தில் அவனும் போடுவான். எது நாங்கள் எழுதியது, எது மில் எழுதியது என்று படிக்கிறவனுக்குத் தெரியாது. சில வாரங்களில் எனக்கே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா?

இன்னொரு வசதியும் அவன் கையில் இருந்தது. பத்திரிகையில் படம் போடவேண்டுமானால் துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்யவேண்டும், அதை மதராஸில்தான் செய்வார்கள். எங்களிடம் சொந்தமாக இருந்தவை ஒரு பிள்ளையார், ஒரு குத்துவிளக்கு, பழைய அச்சு யந்திரத்தோடு கூடவே வந்துவிட்ட ஒரு மீசைக்காரர். அந்த மீசைக்காரர் யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மில்லின் செலவில் பிளாக் செய்து கொண்டுவந்து தருவான் என் சிநேகிதன். எங்கள் பக்கங்களில் மனித முகம் ஒன்று தெரிந்தால் அது மில்லுக்கு வேண்டிய முகமாகத்தான் இருக்கும். ஆண்டு மலரில் மட்டும் எங்கள் பத்திராதிபர், பத்திரிகை என்பது ஊரின் நாக்கு என்று அழகாக எழுதுவார்.

பத்திராதிபர் கெட்டவர் அல்ல. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபமாக முடிந்துவிடும். எங்கள் பக்கத்து மனிதர்களுக்கே உரிய மரியாதை அவரிடம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வேலைக்காரனையும் 'வாங்க, போங்க' என்பார். ஒருவரைப் பற்றிப் பத்திரிகையில் போடுவதற்கு முன்னால் அவரையே கூப்பிட்டு, 'இப்படி ஒண்ணு எழுதியிருக்குதுங்க, போட்டுப்போடலாங்களா?' என்று கேட்பது அவருடைய வழக்கம். பந்தியில் இலை போடுவதற்கு முன் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பதைப்போல அதை ஒரு முறையாகவே வைத்திருந்தார். கேட்டால் யாராவது போடச் சொல்வார்களா? ஆனால் கேட்காமல் போடுவது அவருக்கு அசிங்கமாகப் பட்டது. மரியாதையினாலேயே ஒரு பத்திரிகையைக் கொல்லமுடியும் என்று நான் அவரிடம்தான் கற்றேன்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவந்த காகிதம் சிறியது. நகரின் கிழக்குப் பகுதியில் வசித்துவந்த ஓர் இளம்பெண் திடீரென மரணமடைந்தாள் என்றும், மரணத்தின் காரணம் தெரியவில்லை என்றும் நாலு வரி. நான் புரூப் பார்த்தேன். ஊரில் சாவுக்கா பஞ்சம் என்று அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். மில்லில் வேலை பார்க்கிறவன் எதற்காக இந்தச் சாவைக் கொண்டுவருகிறான் என்று எனக்குத் தோன்றியிருந்தாலும் அன்றைக்குக் கேட்டறிய நேரமில்லை. பக்கம் யந்திரத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் ஆபீசுக்கு வந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காட்டில் மழை பொய்த்துப்போய், இரண்டு பெண்களோடு மில் வேலையை நம்பி ஊருக்கு வந்த விதவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவரோடு ஒண்டி நின்றாள். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"ஏனுங்க தம்பி, பேப்பர்ல எழுதறவுங்க நீங்கதானுங்களா?"

"ஆமாங்கம்மா. என்ன விசயமுங்க?"

"எம்பட பெரிய புள்ளைங்க. மில்லுல நூலு சுத்தற எடத்துல பெல்ட்டுல முந்தானை மாட்டிச் செத்துப்போச்சுங்க. பேப்பர்ல காரணந் தெரியலைன்னு போட்டுப்போட்டீங்களாமா."

எனக்கு அந்த நாலு வரி அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை, அதுவே எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டேன். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கிறது. மில் காரிலேயே தூக்கிக்கொண்டு போனார்களாம், வழியிலேயே உயிர் போய்விட்டதாம். வெள்ளைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அவிழ்க்கவேண்டாம் என்று சொல்லி, மில் ஆட்களே முன்னின்று காரியத்தை முடித்துவிட்டார்கள். மில் டாக்டர் இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். இருதயம் நிற்காமல் யாருக்குத்தான் சாவு வருகிறது?

"துணிய நான் அவுத்துப் பாத்துப்போட்டனுங்க," என்றாள். "கழுத்தெல்லாம் கெடந்த கெடப்ப எதுக்குங்க சொல்லிக்கிட்டு."

பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"சின்னவளுக்குக் காங்கேயத்துக்குப் பக்கத்துல ஒரு எடம் பேசி வெச்சிருந்தமுங்க. நல்ல சனமுங்க. இப்ப அவங்க கேக்கறாங்கொ, காரணந் தெரியாம ஒரு வயசுப்புள்ள எதுக்குச் சாவுதுன்னு. மில்லுல செத்துப்போச்சுன்னு நான் சொன்னா, பேப்பர்ல அப்படிப் போடலையேங்கறாங்கொ. எனக்குக் காசு பணம் ஒண்ணும் வேண்டாமுங்க தம்பி. மில்லுல வேல செய்யறப்பச் செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை போட்டுப்போடுங்க. சின்னவ பொழைச்சுக்குவாளுங்க."

எங்கள் பக்கத்தில் வயசுப்பெண் காரணம் தெரியாமல் செத்தாள் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மில் என்ற ஒரு வார்த்தையை மறைப்பதற்காக என் சிநேகிதன் விட்ட இடத்தில் ஊர் தனக்குத் தெரிந்ததை நிரப்பிக்கொண்டது. அவன் அந்தப் பெண்ணைப் பற்றிக் கெட்டதாக ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதாமலேயே அவள் பெயர் கெட்டுவிட்டது.

நான் அன்று சாயங்காலமே மில் கேட்டுக்குப் போய் நின்றேன். சங்கு ஊதியதும் பெண்கள் தலைமுடியெல்லாம் பஞ்சாக வெளியே வந்தார்கள். கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். ஒருத்தி மட்டும் நடந்துகொண்டே, முகத்தை என் பக்கம் திருப்பாமல், "பெல்ட்டுக்குப் பலகை அடிச்சு மூடோணும்னு நாங்க சொல்லி ஒரு மாசமாச்சுங்க. இப்ப அடிச்சுப்போட்டாங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். எனக்கு அது போதும். ரூமுக்குப் போய் எழுதினேன். மில்லில் வேலை செய்துகொண்டிருந்தபோது பெல்ட்டில் சேலை சிக்கி இறந்தாள் என்று முதல் வரியிலேயே எழுதினேன். அலங்காரம் ஒன்றும் இல்லை. நான் எழுதியவற்றிலேயே நல்ல செய்தி அதுதான் என்று இப்போதும் சொல்வேன், ஏனென்றால் அது அச்சாகவில்லை.

பத்திராதிபர் இரண்டு தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

"நல்லா எழுதியிருக்கறீங்க தம்பி. பாவமுங்க அந்தப் புள்ள. ஆனா அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுப் போடறதுதானுங்களே மொறை?"

"கேட்டா வேண்டாம்பாங்க."

"அதெப்படிச் சொல்ல முடியுமுங்க? பெரிய மனுசங்க, அவங்களுக்கும் புள்ளகுட்டி இருக்குதுங்க."

கேட்டார். கேட்கப்பட்டவன் என் சிநேகிதன். அவன் மறுநாள் என்னைத் தேடி வந்து, ரயிலடிக்கு எதிரே இருந்த காபி கிளப்புக்கு அழைத்துப் போனான். சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று நான் தயாராகப் போனேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் காபியைக்கூடத் தொடவில்லை.

"மாப்ள, அந்தப் புள்ளையோட சாவுக்கு நானும் போயிருந்தேன். பாடைக்கு முன்னால நடந்தேன். நானென்ன கல்லா?"

"அப்புறம் எதுக்குக் காரணம் தெரியலைன்னு எழுதுன?"

"பொய் எதும் எழுதலையே நான். மில் பேரு வந்துட்டா இன்ஸ்பெக்டர் வருவான், கேஸு வரும், மில்லை ஒரு வாரம் நிறுத்துவாங்க. எத்தனை ஊட்டுல அடுப்பு எரியாது, யோசிச்சுப் பாத்தியா? உனக்கென்ன, எழுதிப்போட்டுப் போயிருவே."

"அந்த அம்மா கேக்கறது ஒரே ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தை முடியாது. ஆனா அந்த அம்மாளுக்கு என்ன வேணும்? புள்ள பேரு கெடக்கூடாது, அவ்வளவுதானே? அதை எங்கிட்ட உடு. உன்னைய விட நல்லா நான் செஞ்சு குடுத்துப்போடறேன்."

அவன் மனதாரச் சொன்னான். மனதார நல்லது செய்ய நினைக்கிறவனை என்ன செய்து தடுப்பது?

என்னால் முடிந்ததைச் செய்து பார்த்தேன். உள்ளூரில் எங்களுக்குப் போட்டியாக இருந்த பத்திரிகைக்குப் போனேன். அங்கேயும் மில் விளம்பரம் ஒரு முழுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அவர்களும் மரியாதைக்காரர்கள்தான், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். மதராஸ் தினசரி ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினேன். கொஞ்ச நாளில், உண்மையா என்று விசாரித்து எழுதும்படி அதைத் தங்கள் கோயம்புத்தூர் நிருபருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்தது. அந்த நிருபர் யார் என்கிறீர்கள்? என் சிநேகிதனேதான். மில் வேலையோடு அதையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனே என்னிடம் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஏப்பா, மதராசுக்கெல்லாம் எதுக்குப் போற, நானிருக்கேனில்ல," என்று முதுகில் தட்டினான். கோயம்புத்தூரிலிருந்து கிளம்புகிற எந்தச் செய்தியும் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அன்று ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகைகூட வரவில்லை.

அடுத்த வாரம் பத்திராதிபர் என்னை வால்பாறைக்கு அனுப்பினார். ஒரு தேயிலை எஸ்டேட்டில் புது ஆஸ்பத்திரி திறக்கிறார்கள், போகவர பஸ் செலவும் சாப்பாடும் அவர்களுடையது, நேரில் பார்த்து விரிவாக எழுதவேண்டும் என்றார். வளைந்து வளைந்து மலையேறுகிற பஸ்ஸில் நான் வாந்தி எடுத்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி என்னவோ பளபளவென்றுதான் இருந்தது. அதற்குக் கீழே கூலியாட்களின் லைன் வீடுகளில் காய்ச்சலில் கிடந்தவர்களைப் பார்க்கக் கேட்டபோது, இன்றைக்கு வேண்டாம், நல்ல நாளாயிற்றே என்றார்கள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். சனிக்கிழமை திரும்பி வந்து ஆபீசில் நுழைந்தால், அந்த வாரப் பத்திரிகை என் மேஜைமேல் கிடந்தது.

மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் முகம் இருந்தது. முந்தின வருஷம் மில் ஆயுத பூஜையில் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்த படத்திலிருந்து அவளை மட்டும் பிரித்து, பெரிதாக்கி, மதராஸுக்கு அனுப்பி பிளாக் செய்திருந்தான். புள்ளி புள்ளியாகத்தான் இருந்தது, ஆனாலும் வகிடும் மூக்குத்தியும் தெரிந்தன. அவள் சிரிக்கவில்லை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். அதுவரை அவளை நான் பார்த்ததில்லை. படத்தின் கீழே என் சிநேகிதன் எழுதியிருந்தது இது:

"சமீபத்தில் அகால மரணமடைந்த இந்த யுவதிக்கு ஒரு வாலிபனுடன் தகாத நேசம் இருந்ததென்றும், அது கைகூடாமையால் அவள் தன் உயிரை மாய்த்துக்கொண்டாளென்றும் சிலர் பரப்பிவரும் வதந்தி கொஞ்சமும் ஆதாரமற்றதென அறிகிறோம். யுவதி நற்குணமும் அடக்கமும் வாய்ந்தவளென அவளை அறிந்த கனவான்கள் நம்மிடம் உறுதிபடக் கூறினர்."

நான் நின்றபடியே படித்தேன். ஊரில் அதுவரை வாலிபன் என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. பார்வையும் முணுமுணுப்பும் மட்டுமே இருந்தன. அந்தப் பார்வைக்கு ஒரு வாலிபனையும், அந்த முணுமுணுப்புக்கு ஒரு கதையையும், கதைக்கு ஒரு முகத்தையும் நாங்கள்தான் அச்சில் கொடுத்திருந்தோம். ஒன்றை மறுக்கவேண்டுமானால் அதை முதலில் தெளிவாகச் சொல்லவேண்டும் என்பது அவன் தொழிலில் பழகிய வித்தை. முன்பு ஊர் வாயில் விழுந்த ஒரு கதர்க்கடை முதலாளி அந்த வித்தையில் தப்பித்தார், ஒரு முனிசிபல் கவுன்சிலர் தப்பித்தார். பெயரும் பணமும் உள்ளவர்களைக் காப்பாற்றுகிற அதே மருந்தை அவன் இந்தப் பெண்ணுக்கும் அன்போடு கொடுத்துவிட்டான்.

"எப்படிங்க தம்பி?" என்றார் பத்திராதிபர். முகமெல்லாம் மலர்ச்சி. "பேப்பர் அத்தனையும் தீந்துபோச்சுங்க. புள்ளையோட பேரைக் காப்பாத்திப்போட்டம்."

நான் என்னென்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. அச்சுக்கோப்பவர் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்திராதிபர், வால்பாறை பஸ் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குப் போய்ப் படுங்கள் என்று பரிவோடு சொன்னார்.

செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ அந்த அம்மாள் வந்தாள். இந்தத் தடவை சுவரோரம் ஒண்டவில்லை, நேராக என் மேஜைக்கு வந்தாள். கையில் மடித்த பத்திரிகை. முகம் தெளிந்திருந்தது.

"தம்பி, நீங்க நல்லா இருக்கோணுங்க," என்றாள். "படமும் போட்டுப்போட்டீங்க. எங்ககிட்ட அம்மிணியோட படம் ஒண்ணுகூட இல்லீங்க. இன்னும் ஒரு நாலஞ்சு பேப்பர் இருந்தாக் குடுங்க. சனமெல்லாம் கேப்பாங்கொ."

நான் பேப்பர் எடுக்க எழுந்திருக்கவில்லை.

"படிச்சுக் காட்டுனாங்களாம்மா யாராச்சும்?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே. மில்லு ஆபீசரு தம்பி ஊட்டுக்கே கொண்டாந்து குடுத்துச்சுங்க. புள்ள நல்ல புள்ளைன்னு போட்டிருக்குதுங்கம்மா, எல்லாருத்துக்கும் காட்டுங்கன்னு சொல்லிச்சுங்க. காட்டிப்போட்டனுங்க. எல்லாருங் கையில வாங்கிப் படிச்சாங்கொ."

"எல்லாருமுன்னா?"

"எங்க மில்லு லைன் ஊடு பூராத்துக்குங்க. அப்புறம் நேத்து பஸ்ஸேறி காங்கேயத்துக்குப் போயி, சம்மந்தக்காரங்க ஊட்டுல எங்கையாலயே குடுத்துப்போட்டு வந்தனுங்க. படிச்சுப்போட்டு ஒண்ணும் பேசலீங்க அவங்க. சொல்லியனுப்பறமுன்னாங்க."

நான் சொல்லாமலிருந்திருக்கலாம். அந்தப் படத்தோடு அவள் சந்தோஷமாகப் போயிருப்பாள், இன்னும் இரண்டு நாளைக்காவது. ஆனால் பஸ்ஸேறி இன்னும் நாலைந்து ஊருக்கு அவளே கொண்டுபோய்க் கொடுப்பாளே என்று நினைத்தவுடன் பொறுக்கவில்லை. "இருங்கம்மா, படிக்கிறேன்," என்று சொல்லி, உள்ளது உள்ளபடி மெதுவாகப் படித்தேன். அச்சுத் தமிழ் அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. வாலிபன் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டாள், சொன்னேன். மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள், படித்தேன்.

"பையன் யாருங்க?"

"யாரும் இல்லைங்கம்மா. அப்படி யாரும் இல்லைன்னுதான் போட்டிருக்குதுங்க."

"இல்லாத பையனை எதுக்குங்க எழுதோணும்?"

பத்திரிகைத் தொழில் படித்தவர்கள் யாரிடமாவது கேட்டால் இதற்குப் பதில் சொல்வார்கள். அவள் பத்திரிகையை என் மேஜைமேல் விரித்து, படத்தை விட்டுவிட்டு, கீழே இருந்த எழுத்துகள்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"இதுல மில்லுன்னு எங்கியுமே வரலீங்களா?"

"வரலீங்கம்மா."

காங்கேயத்துக்காரர்கள் சொல்லியனுப்பினார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று, மிகவும் மரியாதையாகத்தான். அதற்குப் பிறகு வேறு இடமும் அமையவில்லை. நான் என் சிநேகிதனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடித்தேன். அவன் விலக்கிக்கூட விடவில்லை. நடந்ததைக் கேட்டதும் மில் ஆபீஸ் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதான். நிஜமாகவே அழுதான். அவனை வெறுக்கலாம் என்று போன எனக்கு அதுவும் முடியாமல் போயிற்று. இப்படித் தேம்பித் தேம்பி அழுகிறவன் அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானமும் காகிதத்தோடு வருவான் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வந்தான்.

ஐப்பசியில் வந்த காகிதம் கொஞ்சம் பெரியது. துயரத்தில் வாடும் குடும்பத்தின்பால் மில் நிர்வாகத்தின் தயை, எதிர்பாராத வகையில் காலமான யுவதியின் தங்கைக்கு மில்லில் நிரந்தர வேலை, மில் முதலாளியின் தர்மசிந்தை என்று ஒரு சாண் நீளம். தங்கைக்கு அவன்தான் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்திருந்தான். அக்காள் வேலை பார்த்த அதே நூல் சுற்றுகிற பகுதியில். பிரசுரம் செய்யக் கூடாது என்று நான் பத்திராதிபரிடம் வாதாடினேன். இதில் எது பொய் என்று அவர் கேட்டார். பொய் எதுவும் இல்லை. வந்தது.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அந்த அம்மாள் மறுபடி ஆபீசுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். பேப்பரில் தங்களைப் பற்றி வந்திருக்கிறதாம், யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை, நீங்களே படியுங்கள் என்று நீட்டினாள். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை.

முடிந்ததும், "இதுல மில்லுன்னு வருதுங்களா தம்பி?" என்றாள்.

"வருதுங்கம்மா."

"எங்கிங்க?"

காட்டினேன். ஏறக்குறைய எல்லா வரியிலும் இருந்தது. என் விரல் போன இடத்துக்கெல்லாம் அவள் பார்வையும் போயிற்று.

"பெரியவ செத்த எடத்துல?"

"அந்த எடத்துல இல்லைங்கம்மா."

"செரிங்க," என்று பத்திரிகையை வாங்கி மடித்துக்கொண்டாள். ஒரு வாய் காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். வேண்டாம் என்றாள்.

"சங்கு ஊதற நேரமாச்சுங்க. சின்னது வெளிய வர்ற வரைக்கும் தெனமும் மில்லு கேட்டுக்கிட்டப் போயி நின்னுக்குவனுங்க. வாரனுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்கே வேகமாக நடந்தாள்.